கலமும் கையும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் செய்யும் ஆலைகள் பல உள. இரவுப் பணியாற்றுவோர் தேநீர் வேளையில் களைத்து வருவர். பசித்த கை அருகில் உள்ளதையே நாடும்; கலத்தில் நிறைந்ததையே உண்ணும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் சிலர் 2015ஆம் ஆண்டில் 72 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். பெரிய தட்டும் பெரிய பொட்டலமும் மக்களை மிகுதியாக உண்ணச் செய்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆதலின் ஆலை உணவகத்தில் சுண்டலையும் வேகவைத்த வேர்க்கடலையையும் கைக்கெட்டும் இடத்தில் கண்ணாடிக் கலத்தில் வைத்தல் நன்று. வறுவலையும் இனிப்பையும் சிறு கிண்ணங்களில் அளந்து, சற்றுத் தொலைவில் வைக்கலாம்.

களைத்த வேளையில் அறிவுரை மறந்துபோகும். சிறு கிண்ணமோ நாள்தோறும் அளவை நினைவூட்டும். நோயுற்றபின் மருந்து தேடுவதினும், உண்கலத்தைத் திருத்தி அமைப்பது எளிதன்றோ?