அஞ்சு வயசு வரைக்கும் அம்மா, அப்புறம் அப்பாவா?

நம்பிக்கை: "அஞ்சு வயசு முடிஞ்சதும் பிள்ளை அப்பாவுக்குத்தான்."

குடும்ப நீதிமன்ற வராந்தாக்களில் நெடுங்காலமாகச் சுற்றிவரும் பேச்சு இது. நன்றாகப் படித்தவர்கள்கூட இதை நம்பி, குழந்தையின் பிறந்தநாளுக்காகக் காத்திருக்கிறார்கள். பேச்சுக்கு வேர் இல்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவு தந்தையை இயற்கைக் காப்பாளர் என்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஊர் அதோடு படிப்பதை நிறுத்திக்கொண்டது. குழந்தையின் நலனே முதன்மை என்று அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்வதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஐந்து முடிந்த மறுநாள் குழந்தை தானாகக் கைமாறாது.

தந்தை உயிரோடு இருக்கும்வரை தாய் காப்பாளர் ஆக முடியாது என்ற வாதத்தையும் உச்ச நீதிமன்றம் 1999இலேயே ஏற்கவில்லை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பெயரில் பத்திரம் வாங்கப்போன இடத்தில் தந்தையின் கையெழுத்தைக் கேட்டதால் தொடுத்த வழக்கு அது. குழந்தையின் காரியங்களைத் தந்தை கவனிக்காத நிலையில் தாயே இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்றது தீர்ப்பு.

விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கலாம். 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டமே அதற்கு இடம் தருகிறது. "அம்மா வேணுமா, அப்பா வேணுமா" என்று நேரடியாகக் கேட்பதைவிட மோசமான கேள்வி வேறில்லை. பள்ளிக்கு யார் கொண்டுவிடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் ராத்திரி யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று கேட்டாலே பாதி வழக்கு விளங்கிவிடும். சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த பிள்ளையை இரண்டு பதிலில் கண்டுபிடித்துவிடலாம். சொல்லிக்கொடுத்தவருக்குத்தான் அது பாதகமாக முடியும். இன்று ஒருவருக்குக் கிடைத்த பொறுப்பும் நிரந்தரமல்ல. சூழ்நிலை மாறினால் உத்தரவை மாற்றக் கேட்கலாம்.

நம்பிக்கை: "பணம் கட்டலேன்னா பிள்ளையைக் காட்ட வேண்டியதில்லை."

இரண்டும் வேறு வேறு. ஜீவனாம்சம் பாக்கி என்றால் அதை வசூலிக்க நிறைவேற்று மனு இருக்கிறது. சென்னையில் குடும்ப நீதிமன்றத்துக் குழந்தைகள் மையத்தில் வந்து பார்க்கும்படி உத்தரவு இருந்தால், குழந்தையைக் கூட்டிவந்தே ஆகவேண்டும். பார்க்க விடவில்லை என்று சாப்பாட்டுப் பணத்தை நிறுத்தும் தந்தைக்கும் இதே பதில்தான். வருமானத்தை மறைத்துத் தப்பிப்பதும் முன்போல எளிதல்ல. 2020இல் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் வழக்கில், கணவன் மனைவி இருவரும் வரவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது.

நம்பிக்கை: "பெரியவங்க முன்னாடி எழுதி வாங்கியாச்சு, விவாகரத்து ஆயிடுச்சு."

முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முத்திரை குத்தி, இருதரப்பு உறவினரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும் இந்துத் திருமணம் முறியாது. சில சமூகங்களின் வழக்காற்று விவாகரத்தைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதை நிரூபிக்க வேண்டும். பத்து வருஷம் பிரிந்திருந்தாலும் தானாக விவாகரத்து வராது. இருவரும் சம்மதித்தால் ஓராண்டு பிரிந்திருந்த பின் சேர்ந்து மனுப் போடலாம். அதன்பின் வரும் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டது.

அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் அது செல்லாத திருமணம். இருதார மணக் குற்றமும் சேரும். பல வீடுகளில் கணவர் இறந்து, இரண்டாவது மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இது வெளிவருகிறது. அவருக்குப் பிறந்த பிள்ளைகளை மட்டும் இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆவது பிரிவு காப்பாற்றுகிறது. தாய் தந்தை சொத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு.