மூட்டில் ஊசி போட்டதே தவறா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. இதய வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்காகத் தனியார் மருத்துவமனையில் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டு, டைக்ளோஃபினாக் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் மூட்டுக்குள் ரத்தம் கட்டி, வேறு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 6-க்கு மேல் இருந்தது. “மாத்திரை சாப்பிடுவதை நீங்கள் சொல்லவில்லை, கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்” என்கிறார் ஊசி போட்ட டாக்டர். வழக்குப் போட முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போடலாம். ஆனால், ‘இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு ஊசி போட்டதே தவறு’ என்று மனு எழுதினால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். ஐ.என்.ஆர். உரிய அளவுக்குள் இருந்தால், மாத்திரையை நிறுத்தாமலே மூட்டில் ஊசி போடுவது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட நடைமுறை, ரத்தக்கசிவு அபூர்வம். வால்வு மாற்றியவருக்கு மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து, பக்கவாதம் வரை போகலாம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துவைப்பது இதைத்தான்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று விசாரித்தார்களா? ஊசிக்கு முன் ஐ.என்.ஆர். பார்த்தார்களா? ‘சொல்லவில்லை’ என்பது, கேட்டவர் சொல்ல வேண்டிய பதில். ஓ.பி. சீட்டில் பழைய நோய், தற்போதைய மருந்து எதுவும் எழுதப்படவில்லை என்றால் அது உங்களுக்குச் சாதகம். கேட்டும் அம்மா மறைத்திருந்தால் வழக்கு பலவீனம்தான்.

என்னைக் கேட்டால், ஊசியைவிட அந்த டைக்ளோஃபினாக்தான் உங்கள் கையில் உள்ள வலுவான ஆதாரம். அசிட்ரோமோடு அதைச் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும் என்பது டாக்டர்கள் அறிந்ததே. அந்தச் சீட்டின் அசலையும் மருந்துக்கடை பில்லையும் பத்திரப்படுத்துங்கள். (தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள்!) முந்தைய மாதங்களின் ஐ.என்.ஆர். ரிப்போர்ட்டுகளும் வேண்டும். ஊசிக்கு முன்பே அளவு ஏறியிருந்ததா, பிறகு ஏறியதா என்பதை அவைதான் காட்டும்.

கையெழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சிகிச்சையின் தன்மை, அபாயம், மாற்றுவழி ஆகியவற்றை நோயாளிக்குப் போதுமான அளவு விளக்கிய பிறகு பெறுவதே சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியே விளக்கியிருந்தாலும், கவனக்குறைவுக்கு யாரும் சம்மதம் தருவதில்லை.

போலீஸுக்குப் போக வேண்டாம். கவனக்குறைவு மிகக் கடுமையாக இருந்தால்தான் மருத்துவர்மீது குற்றவழக்கு நிற்கும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கின் தீர்ப்பு (2005) வரையறுத்துவிட்டது. மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்தால் ஒழுங்கு நடவடிக்கை வரலாம், நஷ்டஈடு கிடைக்காது. நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. முடிந்தால் இன்னொரு மருத்துவரின் கருத்தை எழுத்தில் வாங்கிச் சேருங்கள்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்ப அவசரப்படாதீர்கள். முதலில் இரண்டு மருத்துவமனைகளிலும் சிகிச்சை ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் அவர்கள் தர வேண்டும். கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆவணங்கள் கைக்கு வந்தபின் நோட்டீஸ் போகட்டும்.