தூரிகையும் துப்புரவும்

ஒரு வினையைத் தொடங்குதல் எளிது; அதனை முற்றுவித்தலே அரிது. ஓவியம் தீட்டும் சிறுவர் பலர், படம் நிறைவெய்தியதும் தம் வேலை முடிந்ததெனக் கருதி எழுந்து ஓடுவர். கழுவாத தூரிகையும், மூடாத வண்ணப் பெட்டியும், கலங்கிய நீர்க் கிண்ணமும் தரையிற் கிடக்கும். அவற்றை எடுத்து வைத்தல் பிறர் கடன் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பிழையென்பதைச் சிறு குழந்தைகளே உணர்த்திய வரலாறு ஒன்று உண்டு.

இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் மருத்துவம் பயின்றவர். அவர் 1907-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உரோமை நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே ஆசிரியை பயிற்சிப் பொருள்களை அலமாரியினின்றும் எடுத்துத் தருவார். பயிற்சி முடிந்தபின் தாமே திரும்ப அடுக்கி வைப்பார். அப்போது குழந்தைகள் தம் இடத்தில் அமராது அவரைச் சூழ்ந்து நிற்பர். திருப்பி அனுப்பினும் மீண்டும் வருவர். ஆசிரியை இதனைக் கீழ்ப்படியாமை என்று கருதினார். அம்மையாரோ உற்றுநோக்கி, பொருள்களை உரிய இடத்தில் தாமே வைக்க வேண்டும் என்பதே அவர்தம் விருப்பம் என்று கண்டார். அவ்வுரிமையை அவர்க்கு அளித்தார். குழந்தைகள் உவகையோடு அப்பணியை ஏற்றனர். அவ்வம்மையாரே 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர் பலர்க்குப் பயிற்சி அளித்தார்.

அக்குழந்தைகள் விரும்பிய பணியில் பெருங்கல்வி அடங்கியுள்ளது. ஓவியப் பொருள்களையே எடுத்துக்கொள்வோம். தூரிகையை மயிர்ப்பக்கம் கீழாக நீரில் நிறுத்தி வைத்தால் நுனி வளைந்துவிடும். கழுவி, நுனியைக் கூராக்கி, கிடத்தி உலர்த்தினால் நெடுநாள் உழைக்கும். கருமை தோய்ந்த தூரிகை மஞ்சள் வண்ணத்தில் பட்டால் மஞ்சள் மாசுறும். வண்ணப் பென்சிலை வீசி எறிந்தால், வெளியே மரம் முழுமையாகத் தோன்றினும், உள்ளிருக்கும் வண்ணக் குச்சி ஒடிந்திருக்கும், சீவுந்தோறும் உதிரும். களிமண்ணை ஈரத்துணியால் மூடாவிடின் அது இறுகிவிடும். இவற்றை நூல் கற்பிப்பதினும் எடுத்து வைக்கும் கை நன்கு கற்பிக்கும்.

தாய் தாமே யாவற்றையும் அடுக்கிவிட்டால் வேலை விரைவில் முடியும். ஆயின் குழந்தை கற்கவேண்டிய பாடம் பறிபோகும். தண்டனையாகச் செய்வித்தாலோ, அப்பணியில் வெறுப்பே வளரும். உடனிருந்து ஒருமுறை செய்து காட்டி, பின்பு பொறுமையோடு காத்திருத்தலே பெரியோர் செய்யத்தக்கது.

பள்ளியில் ஒரு பெட்டியைப் பலரும் பயன்படுத்துவர். நாளை வரும் தோழன் கையில் தூய தூரிகை இருத்தல் வேண்டும் என்று இன்றே எண்ணுபவன் எவனோ, அவனே தன் ஓவியத்தை முற்ற முடித்தவன் ஆவான்.