வியர்வைக் கணக்கு: ஒரு டிரையத்லான் வீரரும் நம்ம ஊர் வெயிலும்

மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல நின்னிருக்கீங்களா? சும்மா நின்னாலே தலை சுத்தும். போன வருஷம் ஒரு ஸ்போர்ட்ஸ் மீட்ல என் நண்பன் 5000 மீட்டர் ஓடும்போது சுருண்டு விழுந்தான். எழுப்பினப்போ எங்க இருக்கோம்னே அவனுக்குத் தெரியல. "காலையில சாப்பிடாம வந்திருப்பான்"னு எல்லாரும் சொன்னாங்க. காரணம் அது இல்லன்னு எனக்குப் புரிஞ்சது, கிறிஸ்டியன் புளூமென்ஃபெல்ட் பத்திப் படிச்ச பிறகுதான்.

இவர் நார்வேக்காரர், 1994-ல் பெர்கன் நகரத்தில் பிறந்தவர். மழைக்கும் குளிருக்கும் பேர்போன ஊர் அது. அவருடைய விளையாட்டு டிரையத்லான். ஒலிம்பிக்கில் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. ஷூ மாத்துற நேரமும் கணக்கில் சேரும். 2021 ஜூலை 26, டோக்கியோ. வெயிலுக்குப் பயந்து காலை 6.30-க்கே போட்டியை வெச்சாங்க. 1 மணி 45 நிமிடம் 4 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார் புளூமென்ஃபெல்ட். கோட்டைத் தாண்டியதும் தரையில் விழுந்தவரைச் சக்கர நாற்காலியில்தான் கூட்டிப்போனாங்க.

குளிர் நாட்டுக்காரர் டோக்கியோ புழுக்கத்தில் எப்படி ஜெயிச்சார்? அவருடைய பயிற்சியாளர் ஓலாவ் அலெக்சாண்டர் பூ, பொறியியல் பின்னணி உள்ளவர். அவர் கேட்டதெல்லாம் நம்ம தெர்மோடைனமிக்ஸ் வகுப்புக் கேள்விகள்தான்.

ஒரு கணக்கு போடுவோம். வீரர் பெடலில் 300 வாட் கொடுக்கிறார்னு வைங்க. மனித உடம்பின் திறன் அதிகபட்சம் 25 சதவீதம்னு எடுத்துக்கிட்டா, உள்ளே 1200 வாட் எரியுது. மீதி 900 வாட்டும் வெப்பம். கிட்டத்தட்ட ஒரு அயர்ன் பாக்ஸை உடம்புக்குள்ள போட்ட மாதிரி. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2.4 மெகாஜூல் வெளியே போகும். அப்போ மணிக்கு 1.3 லிட்டருக்கு மேல் வியர்வை *ஆவியாகணும்*. சொட்டிக் கீழே விழுற வியர்வை எதையும் குளிர்விக்காது. ஈரக்காத்து உள்ள டோக்கியோவில் பிரச்சினையே அதுதான்.

நம்ம ஊரில் கதை வேற. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கத்துக்கிட்டு வந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேர்விட்டதுக்கு ஒரு காரணம் இந்தக் காய்ந்த காத்து. அது மருந்தை உலர்த்துற மாதிரியே வியர்வையையும் உலர்த்திடும். நல்லதுதானேன்னு தோணும். ஆனா சட்டை நனையாததால, எவ்வளவு தண்ணி போச்சுன்னே நமக்குத் தெரியாது. காத்தின் சூடு தோலின் சூட்டைத் தாண்டிட்டா (சுமார் 35 டிகிரி), வெளியே இருந்தும் வெப்பம் உள்ளே வர ஆரம்பிக்கும். என் நண்பன் மாட்டினது இதுலதான்.

உடம்பு இதுக்குப் பழகும். 10-லிருந்து 14 நாள் சூட்டில் மெதுவாப் பயிற்சி செஞ்சா ரத்தத்தில் பிளாஸ்மா அளவு கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும். 'மெதுவா' என்பதுதான் கஷ்டம். புளூமென்ஃபெல்ட் பயிற்சி நடுவிலேயே ரத்தத்துளி எடுத்து லாக்டேட் அளவு பார்ப்பார். கூடிடுச்சுன்னா வேகத்தைக் குறைச்சுக்குவார். ஒலிம்பிக் சாம்பியனே அடக்கி வாசிக்கிறார். நாமதான் முதல் நாளே சீனியரை முந்தப் பார்க்கிறோம்.

எல்லாம் அவர் அளந்தபடியே நடந்துடலை. 2022 மேயில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் கொண்ட அயர்ன்மேன் உலகப் பட்டத்தையும் 7 மணி 49 நிமிடத்தில் வென்றார். பிறகு குறுந்தூரத்துக்குத் திரும்பி வந்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 12-வது இடம். எட்டு மணி நேரத்துக்குத் தயாரான உடம்பை ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியுற போட்டிக்குத் திருப்புறது அவருக்கே லேசா இல்லைன்னு நினைக்கிறேன்.

நீங்க செய்ய வேண்டியது, ஒரு மணி நேரம் ஓடும் முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா சுமார் ஒரு லிட்டர் போயிருக்கு. நடுவில் குடிச்ச தண்ணியையும் அதோட கூட்டிக்கோங்க. கூட ஓடுறவன் பேச்சு குழறினாலோ தடுமாறினாலோ, உடனே நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி, விசிறிக்கிட்டே 108-க்கு போன் போடுங்க. சுயநினைவு சரியில்லாதவன் வாயில் தண்ணி ஊத்தாதீங்க; அன்னைக்கு நாங்க அதைத்தான் செஞ்சோம்.