கூட்டணியை விட்டு விலகலாமா?
(பத்தாம் வகுப்பு மாணவி)

ஒரு நாடு தான் சேர்ந்த படைக் கூட்டணியை விட்டு இடையில் விலகலாமா? இதற்கு விடை தேடி நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. மலைக்கோட்டையின் மேல் நின்று வடக்கே திருவரங்கத்தையும் தென்கிழக்கே பொன்மலையையும் நோக்கினாலே போதும். நம் ஊரே இதற்குப் பாடம்.

கூட்டணி பிறந்த கதை

1751-ஆம் ஆண்டில் கர்நாடக நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்டனர். முகமது அலிக்கு ஆங்கிலேயரும், சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்ட முகமது அலி மைசூரின் உதவியை நாடினார். மைசூரில் மன்னர் பெயரளவில் இருக்க, ஆட்சியை நடத்தியவர் நஞ்சராஜர். உதவி செய்தால் திருச்சியையே தருவதாக அவருக்கு வாக்களிக்கப்பட்டது. அது மறைவாகச் செய்துகொண்ட உடன்படிக்கை.

மைசூர்ப் படை வந்தது. தஞ்சை, புதுக்கோட்டைப் படைகளும் வந்தன. 1752 ஜூன் மாதத்தில் திருவரங்கத் தீவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டார். வெற்றி கிட்டியதும் நஞ்சராஜர் திருச்சியைக் கேட்டார். நவாபோ சாக்குப்போக்குச் சொல்லி, திருவரங்கத்தை மட்டும் கொடுத்தார். சினங்கொண்ட நஞ்சராஜர் சில மாதங்களுக்குள் பிரெஞ்சுக்காரர் பக்கம் சேர்ந்துவிட்டார்.

விலகியது சரியா?

"வாக்கு மீறப்பட்டது, ஆகவே விலகியது நியாயமே" என்பர் ஒரு சாரார். உடன்படிக்கை என்பது இரு கை ஓசை. ஒரு கை விலகிய பின் மறு கையை மட்டும் குறை கூறலாகாது. "கூட்டாளியை இடையில் கைவிட்டால் பிறகு யார் நம்புவர்?" என்பர் மறு சாரார். இதுவும் எண்ணத்தக்கதே.

ஆனால் பின்னர் நடந்ததைப் பாருங்கள். 1753-இல் பொன்மலை அருகே நடந்த போர்களில் பிரெஞ்சு, மைசூர்ப் படைகள் தோற்றன. உணவு வரும் வழிகள் அடைபட்டதால் திருச்சி மக்கள் பட்டினிக்கு அஞ்சி ஊரைவிட்டு வெளியேறினர். 1754-இல் டூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். இரு கம்பெனிகளும் போரை நிறுத்திக்கொண்டன. மைசூருக்குத் திருச்சி கிடைக்கவில்லை. 1755-இல் ஐதராபாத் நிஜாம் சலாபத் ஜங் கப்பம் கேட்டு மைசூரின் தலைநகர்மீது படையெடுத்தார். அவருடன் வந்தவர் யார் தெரியுமா? பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி! நஞ்சராஜர் வெறுங்கையுடன் ஊர் திரும்பினார். கருவூலம் வறண்டது; சம்பளம் பெறாத வீரர்கள் கலகம் செய்தனர். 1761-இல் ஆட்சி ஹைதர் அலியின் கைக்குப் போயிற்று.

என் கருத்து

நஞ்சராஜர் விலகியது குற்றமன்று. விலகிய கையோடு மற்றொரு கூட்டணியில் குதித்ததே குற்றம். கணக்கைத் தீர்த்துக்கொண்டு 1752-லேயே ஊர் திரும்பியிருந்தால் அவருடைய நாடு பிழைத்திருக்கும்.

விலகுவதிலும் பல படிகள் உண்டு. பிரான்சு 1966-இல் நேட்டோவின் படைத்தலைமை அமைப்பிலிருந்து விலகியது. ஆயினும் ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. 2009-இல் மீண்டும் அவ்வமைப்பில் சேர்ந்தது. பகைமையின்றி விலகியதால் திரும்பிவரக் கதவு திறந்திருந்தது. நம் பாரதமோ 1961-இல் பெல்கிரேடில் கூடிய அணிசேரா நாடுகளுள் ஒன்றாய் நின்று, வல்லரசுகளின் படைக் கூட்டணிகளில் சேராமல் இருந்தது.

ஆகவே, தோழியரே, கூட்டணியில் சேருமுன் நிபந்தனைகளை எல்லாரும் அறிய எழுதிக்கொள்ள வேண்டும். வாக்கு மீறப்பட்டால் காரணத்தை வெளிப்படையாகக் கூறி விலகலாம். சினத்தால் மட்டும் விலகலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, திருச்சியைத் தருவதாகச் சொன்னவரும் கேட்டவரும் திருச்சி மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டினி கிடந்து ஊரைவிட்டுப் போனவர்கள் அந்த மக்களே. சேர்வதானாலும் விலகுவதானாலும், அதன் விலையைக் கொடுக்கப்போகிறவர்களை முதலில் கேட்பதே அறமாகும்.