பேச்சிலே தேடுவோம், காதால் உறுதி செய்வோம்



குழுக் கூட்டத்தை இப்போது பலர் செல்போனில் பதிவு செய்கிறோம். "மூணு மாசம் வட்டி வேண்டாம்னு அன்னைக்கே பேசினோமே" என்கிறார் ஒரு உறுப்பினர். "அப்படி யாரும் சொல்லலையே" என்கிறார் இன்னொருவர். தீர்மான நோட்டில் அது இல்லை. இரண்டு மணி நேரப் பதிவை முழுக்கக் கேட்க யாருக்கு நேரம்? இதற்கு ஒரு வழி உண்டு.

எப்படி வேலை செய்கிறது?

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்குப் பலருடைய பேச்சைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். அது நம் பதிவைக் கேட்டு, இன்ன சொல்லாக இருக்கலாம் என்று கணித்து எழுதும். எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்றும் குறிக்கும். "வட்டி" என்று தேடினால் அந்தச் சொல் எழுதப்பட்ட இடங்கள் வரும். அங்கிருந்து போட்டுக் கேட்கலாம். 2022-ல் வெளியான விஸ்பர் என்ற மென்பொருள் தமிழையும் எழுதும். அதே ஆண்டு மத்திய அரசு நம் நாட்டு மொழிகளுக்காக பாஷிணி திட்டத்தைத் தொடங்கியது.

தேடும்போது கவனிக்க வேண்டியவை

1. "வட்டி" என்று தேடினால் "வட்டிக்கு" என்பதும் கிடைக்கும். ஆனால் "கடன்" என்று தேடினால் "கடனை", "கடனுக்கு" கிடைக்காமல் போகலாம். அவற்றைத் தனித்தனியாகத் தேடுங்கள்.

2. "கொடுத்தாங்க", "குடுத்தாங்க" என இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள்.

3. "ஆறாயிரம்" என்று சொன்னதை "ஆயிரம்" என்று எழுதிவிடலாம். தொகையையும் பெயரையும் காதால் கேட்காமல் நம்பக் கூடாது.

4. நாலு பேர் ஒன்றாகப் பேசினால், குழந்தை அழுதால், சொல் விட்டுப் போகும். ஆகவே தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காக, பேசவே இல்லை என்று முடிவு செய்து ஒரு உறுப்பினரைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள். அந்தப் பகுதியை முழுக்கக் கேளுங்கள்.

அனுமதி முக்கியம்

எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். குடும்பக் கஷ்டம் பேசும்போது பதிவை நிறுத்திவிடுங்கள். சில செயலிகள் நம் குரலை இணையம் வழியாக வெளியே அனுப்பும். இதை முதலில் விசாரியுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கு நோட்டில் இருப்பதை மற்றவர் படித்துச் சொல்ல வேண்டும். தான் பேசியதைப் பதிவில் அவரே கேட்டுக்கொள்ளலாம். எல்லோரும் சேர்ந்து கேட்டு ஒப்புக்கொண்டதை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்தோ, கைரேகையோ வையுங்கள்.

குழுவில் பேசுவோம்

• நம் பதிவுகள் யாருடைய போனில் இருக்கின்றன?
• அவற்றை யார் யார் கேட்கலாம்?
• எத்தனை மாதம் வைத்திருப்பது?