கொல்லரும் பண்டிதரும்

பண்டிதர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் யார்? மூக்குக்கண்ணாடி அணிந்து, தடித்த நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருக்கும் பெரியவர்தாமே! கையில் சம்மட்டியும் முகத்தில் கரியுமாக உலைக்களத்தில் நிற்பவரை நாம் அப்படி எண்ணுவதுண்டா? கடல் கடந்து கிழக்கே சென்றால் எண்ண வேண்டியிருக்கும்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் வகுப்பில் தந்தையின் தொழிலை எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் தோழி ஒருத்தி நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'சுயதொழில்' என்று எழுதினாள். அவள் தந்தை இரும்புப் பட்டறை வைத்திருப்பவர். எங்கள் வீட்டு அரிவாள்மனைக்குப் பதம் ஏற்றித் தருபவரும் அவரே. அவள் ஏன் தயங்கினாள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. அதன் பிறகு நூலகத்தில் சொற்களைப் பற்றிப் படித்தபோது கிடைத்த செய்தியைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மலாய், இந்தோனேசிய மொழிகளில் 'பண்டாய்' என்றொரு சொல் உண்டு. கெட்டிக்காரர் என்பது அதன் பொருள். பாடத்தில் முதலாவதாக வரும் பிள்ளையைப் 'பண்டாய்' என்பார்கள். அதனோடு இரும்பைக் குறிக்கும் 'பெசி' என்ற சொல்லைச் சேர்த்தால் 'பண்டாய் பெசி'. அவர்தான் கொல்லர்! பொன்னைக் குறிக்கும் 'எமாஸ்' சேர்ந்தால் பொற்கொல்லர். பிலிப்பைன்ஸ் நாட்டின் தகலோக் மொழியிலோ 'பண்டாய்' என்று மட்டும் சொன்னாலே கொல்லர்தான். 1980ஆம் ஆண்டு அங்கே 'ஆங் பண்டாய்' என்று ஒரு திரைப்படமே வந்தது. அதன் கதாநாயகன் ஒரு கொல்லன். அதே நாட்டின் செபுவானோ மொழியில் இச்சொல் தச்சரைக் குறிக்கும். ஆகவே நம் சூசையப்பரும் அவர்கள் பேச்சில் ஒரு பண்டாய்!

ஜாவாவின் பழைய சாசனங்களில் பொன், இரும்பு, செம்பு வேலை செய்தோர் 'பண்டே' என்று குறிக்கப்பட்டுள்ளனர். பாலித் தீவில் பண்டே என்பது இன்றும் கொல்லர் குலத்தின் பெயர். அவர்கள் தங்களை நெருப்புக்கு உரிய பிரம்மாவின் வழியினர் என்பர். சடங்குகளுக்குத் தங்கள் குலத்துக் குருக்களையே அழைப்பதும் உண்டு. கிளுங்குங் பகுதியிலுள்ள திஹிங்கான் சிற்றூரில் கமேலான் இசைக்குரிய பெரிய வெண்கலத் தாளங்களைச் செய்பவர்களும் இவர்களே.

இச்சொல் எங்கிருந்து வந்தது? 'பண்டித' என்னும் வடசொல்லோடு உறவுடையது என்பது ஒரு சாரார் கொள்கை. இல்லை, அது அத்தீவுகளின் பழஞ்சொல்லே, ஒலி ஒற்றுமை தற்செயலானது என்பர் மற்றொரு சாரார். 'பண்டித' என்ற சொல் 'பெண்டெத்தா' என்ற வடிவிலும் அங்கே இருக்கிறது. இந்தோனேசியாவில் அது புராட்டஸ்டண்டு சபைப் போதகரைக் குறிக்கும். ஒரே சொல் இரு வழியாகப் போய், ஒன்று பிரசங்க மேடையிலும் மற்றொன்று உலைக்களத்திலும் நிற்கிறது என்று எண்ணவே எங்களுக்கு ஆசை. ஆயினும் ஆசை சான்றாகாது அல்லவா?

ஐயத்துக்கு இடமின்றி வடமொழியிலிருந்து போனவை பல. போர்னியோவின் கூத்தாய்ப் பகுதியில், ஏறத்தாழ கி.பி. 400இல், மூலவர்மன் என்ற அரசனின் வடமொழிச் சாசனங்கள் கல்தூண்களில் பொறிக்கப்பட்டன. அவற்றின் எழுத்து பல்லவ எழுத்து வகை. அத்தனை பழைய தொடர்பு! 'கார்ய' என்ற சொல் அங்கே 'கெர்ஜா' ஆகி வேலையைக் குறிக்கிறது. 'கிரியா' கைவினைக் கலையைக் குறிக்கிறது. தாமிரம் 'தெம்பாகா' ஆயிற்று. நூலைக் குறித்த 'சூத்ர', பட்டுக்குப் பெயராகி 'சுத்தெரா' என வழங்குகிறது. நூலைப் பிடிப்பவன் என்று பொருள்படும் 'சூத்ரதார' என்பதோ 'சுத்ரதாரா' ஆகித் திரைப்பட இயக்குநரைக் குறிக்கிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. இந்தோனேசிய மொழியில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் நம் 'தனவான்', 'குணவதி' போன்ற சொற்களில் உள்ள விகுதிகளை அவர்கள் எடுத்துக்கொண்டு, வேலை செய்பவரைக் 'கார்யவான்' என்றும், பெண்ணாயின் 'கார்யவதி' என்றும் சொல்கிறார்கள். 'செனி' என்பது கலையைக் குறிக்கும் மலாய்ச் சொல். அதற்கும் இந்த வாலை ஒட்டிப் பெண் கலைஞரைச் 'செனிவதி' ஆக்கிவிட்டார்கள்!

சென்ற வாரம் தோழியின் பட்டறைக்குப் போனபோது இதையெல்லாம் அவள் தந்தையிடம் சொன்னோம். துருத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அது எந்தப் பக்கம்மா?" என்றார். புத்தகப் பையிலிருந்து தேசப்படத்தை எடுத்துக் காட்டினோம். கரி படாமலிருக்க விரலைச் சற்று மேலே நிறுத்தியபடியே ஜாவாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை பார்த்தார்.

"தங்க வேலை செய்யறவருக்கும் இதே பேருதானா?"

"ஆமாம் மாமா."

"அப்படியா!" என்று சிரித்தவர், தம் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே துருத்தியருகே போய் உட்கார்ந்து ஊதத் தொடங்கியிருந்தாள்.